கிராண்ட்ஸ்லாம் டென்னிஸ்: எந்த நாள், எந்த கோர்ட், எந்த இருக்கை?

கேள்வி: ஒரு கிராண்ட்ஸ்லாம் போட்டியையாவது நேரில் பார்த்துவிட வேண்டும் என்று நானும் மனைவியும் பணம் சேர்த்து வருகிறோம். மெல்போர்னின் ஆஸ்திரேலிய ஓப்பன், பாரிஸின் பிரெஞ்சு ஓப்பன், லண்டனின் விம்பிள்டன், நியூயார்க்கின் அமெரிக்க ஓப்பன் என்ற நான்கில் எது என்று இன்னும் முடிவாகவில்லை. எதுவானாலும் இரண்டு நாள் பார்க்க முடியும். இறுதிப் போட்டிக்கே முயற்சி செய்வதா, முதல் வாரத்தில் போவதா? மெயின் ஸ்டேடியத்தில் உச்சி வரிசை கிடைத்தால் அது நல்லதா, இல்லை வெளி கோர்ட்டுகளைச் சுற்றிப் பார்க்கும் கிரவுண்ட் பாஸ் போதுமா?

பதில்: டென்னிஸ் டிக்கெட்டில் ஆட்டக்காரர் பெயர் இருக்காது. தேதி, கோர்ட், பகலா இரவா என்ற விவரம், இவ்வளவுதான் இருக்கும். டிக்கெட் விற்பனை மாதக்கணக்கில் முன்னதாகவே தொடங்கிவிடும். யார் யாரோடு மோதுகிறார்கள் என்ற டிரா வெளியாவது போட்டி தொடங்க இரண்டு மூன்று நாள் இருக்கும்போதுதான். எந்த ஆட்டம் எந்த கோர்ட்டில் என்பது முந்தைய நாள்தான் தெரியும். ஆகவே ‘அல்காரஸைப் பார்க்க வேண்டும்’ என்று டிக்கெட் வாங்கப் போனால் ஏமாற்றத்துக்கு இடம் உண்டு. ‘நிறைய நல்ல டென்னிஸ் பார்க்க வேண்டும்’ என்று போனால் அனேகமாக ஏமாற மாட்டீர்கள். நான் சொல்லப்போகும் எல்லாமே இந்த இரண்டாவது எண்ணத்தை வைத்துத்தான்.

இறுதிப் போட்டி வேண்டாம் என்பேன். காசு மட்டும் காரணமில்லை. ஒற்றையர் பிரிவு ஒவ்வொன்றிலும் 127 ஆட்டங்கள். இறுதி நாளில் அதில் ஒன்றே ஒன்றுதான் உங்கள் பங்குக்கு வரும். அது எப்படி அமையும் என்று யாருக்கும் தெரியாது. 2025 பிரெஞ்சு ஓப்பன் ஆண்கள் இறுதியில் அல்காரஸும் சின்னரும் ஐந்தரை மணி நேரம் ஆடினார்கள். அதற்கு டிக்கெட் வைத்திருந்தவர்கள் பாக்கியசாலிகள். அடுத்த மாதமே விம்பிள்டன் பெண்கள் இறுதியில் ஸ்வியாடெக் 6-0, 6-0 என்று 57 நிமிடத்தில் அனிசிமோவாவை முடித்து அனுப்பினார். இரண்டுக்கும் ஒரே அளவு ஆசையோடுதான் டிக்கெட் வாங்கியிருப்பார்கள். அரையிறுதியிலும் இந்த ஆபத்து உண்டு. 2022 விம்பிள்டனில் நடால் வயிற்றுத் தசைக் காயத்தால் முந்தைய நாள் விலகிக்கொள்ள, வெள்ளிக்கிழமை சென்டர் கோர்ட்டில் இரண்டு ஆண்கள் அரையிறுதிக்குப் பதில் ஒன்றுதான் நடந்தது.

முதல் வாரத்தின் கணக்கே வேறு. முதல் சுற்றில் மட்டும் ஆண்கள், பெண்கள் சேர்த்து 128 ஆட்டங்கள். அவற்றை இரண்டு நாளில் முடிப்பதும் உண்டு, மூன்று நாளில் பரப்புவதும் உண்டு. எப்படியானாலும் ஒரே நாளில் நாற்பதுக்கு மேற்பட்ட ஆட்டங்கள் வளாகமெங்கும் நடந்துகொண்டிருக்கும். இரண்டாவது சுற்றில் எண்ணிக்கை பாதியாகும். மூன்றாவது சுற்றில் நாளுக்குப் பதினாறு ஒற்றையர் ஆட்டங்கள் வரும். ஆனால் மூன்றாவது சுற்றில்தான் இன்னொரு நன்மை இருக்கிறது. தரவரிசைப்படி ‘சீட்’ என்ற முன்னுரிமை பெற்ற 32 பேரும் அதுவரை ஒருவரோடு ஒருவர் மோதாதபடிதான் டிரா போடுகிறார்கள். அதனால் முன்னணி வீரர்கள் தங்களுக்குள் மோதத் தொடங்குவது முதல் வாரத்தின் வெள்ளி, சனிக்கிழமைகளில்தான்.

இதிலிருந்து உங்கள் இரண்டு நாளுக்கு ஒரு யோசனை. முதல் வாரத்தில் ஒரு நாள் கிரவுண்ட் பாஸ், மூன்றாம் அல்லது நான்காம் சுற்றில் ஒரு நாள் பெரிய கோர்ட் டிக்கெட். ஒற்றையரில் ஒரு வீரர் பொதுவாக ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் ஆடுவார். அதனால் குறிப்பிட்ட ஒருவரைப் பார்த்தே தீர வேண்டும் என்றால் அடுத்தடுத்த இரு நாளாக வாங்குங்கள். இரண்டில் ஒன்றில் அவர் அகப்பட வாய்ப்பு அதிகம், அதற்குள் தோற்றுப் போகாமல் இருந்தால்! முதல் சுற்றை மூன்று நாளில் பரப்பும் இடங்களில் ஆரம்ப நாட்களில் மட்டும் இந்தக் கணக்கு கொஞ்சம் தப்பும்.

கிரவுண்ட் பாஸ் என்றால் ஏதோ இரண்டாம் தரம் என்று நினைத்துவிடாதீர்கள். என் கணக்கில் டென்னிஸை நேரில் பார்ப்பதன் முழுப் பலன் அங்கேதான் கிடைக்கிறது. வெளி கோர்ட்டில் முதல் வரிசையில் உட்கார்ந்தால் கோட்டுக்கும் உங்களுக்கும் இடையே சில அடிதான். இரண்டாவது சர்வில் பந்து விழுந்த பிறகு எதிராளியின் தோளுக்கு மேல் எகிறுவதை டிவியில் பார்க்கவே முடியாது; கேமரா உயரத்திலிருந்து பார்ப்பதால் எல்லாம் தட்டையாகிவிடும். பக்கத்தில் இருந்து பார்த்தால், எல்லைக் கோட்டுக்கு இரண்டு அடி பின்னால் நின்றவர் திடீரென எட்டு அடி பின்னால் போய் நிற்பது ஏன் என்று புரியும். தவறவிட்ட ஒரு ஃபோர்ஹேண்டுக்குப் பிறகு அவர் தன் பயிற்சியாளரைப் பார்த்து முணுமுணுப்பதும் கேட்கும். தரவரிசையில் எண்பதாவது இடத்தில் இருப்பவர் எவ்வளவு வேகமாக ஆடுகிறார் என்பது பலருக்கு அங்கேதான் உறைக்கிறது. பெரிய நட்சத்திரங்களையும் முற்றிலும் இழக்க மாட்டீர்கள். பயிற்சி கோர்ட்டுகளுக்கு எந்த டிக்கெட்டோடும் போகலாம் என்று வைத்திருக்கும் இடங்களில், ஸ்டேடியத்தில் எறும்பாகத் தெரிபவரைக் கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கலாம்.

கிரவுண்ட் பாஸில் எது அடங்கும் என்பது இடத்துக்கு இடம் மாறும். விம்பிள்டனில் சென்டர் கோர்ட், முதல் எண், இரண்டாம் எண் கோர்ட்டுகள் அதில் வராது. பிரெஞ்சு ஓப்பன் நடக்கும் ரோலான் காரோஸில் ஷாட்ரியே, லாங்லென், சிமோன் மத்தியூ என்ற மூன்று கோர்ட்டுகளுக்கும் தனி டிக்கெட். நியூயார்க்கில் கிரவுண்ட் டிக்கெட்டோடு லூயி ஆம்ஸ்ட்ராங் ஸ்டேடியத்தின் பகல் ஆட்டங்களுக்கு முன்பதிவில்லாத இடங்களில் உட்கார முடியும், கிராண்ட்ஸ்டாண்ட் கோர்ட்டிலும் அப்படியே. வாங்கும் முன் எது அடங்கும் என்ற அந்த ஒரு வரியைப் படித்துவிடுங்கள். கிரவுண்ட் பாஸின் அருமை முதல் ஆறு நாளோடு குறையத் தொடங்கும் என்பதையும் மறக்க வேண்டாம். இரண்டாம் வாரம் வெளி கோர்ட்டுகளில் இரட்டையர், ஜூனியர், சக்கர நாற்காலிப் பிரிவு ஆட்டங்கள்தான் பெரும்பாலும் இருக்கும். இரட்டையர் பிடிக்கும் என்றால் அதுவே கொண்டாட்டம்.

அன்றைக்கு வாயில் திறக்கும்போதே உள்ளே இருங்கள். சிறிய கோர்ட் நிரம்பிவிட்டால் ஒருவர் வெளியே வந்தால்தான் ஒருவர் உள்ளே போகலாம். சில இடங்களில் வீரர்கள் பக்கம் மாறும்போதுதான் கதவைத் திறப்பார்கள். இறுக்கமான ஒரு ஆட்டத்தின் நடுவே தண்ணீர் வாங்க எழுந்தால் இருக்கை போச்சு. இருவர் போகிறீர்கள் என்பதால் பிரச்சினை இல்லை, மாற்றி மாற்றிப் போய்வரலாம்.

அடுத்து, உச்சி வரிசை. இது எந்த ஸ்டேடியம் என்பதைப் பொறுத்தது. நியூயார்க்கின் ஆர்தர் ஆஷ் உலகிலேயே பெரிய டென்னிஸ் ஸ்டேடியம், 23,771 இருக்கைகள். அதன் உச்சியில் உட்கார்ந்தால் கூட்டத்தின் ஆரவாரம் கிடைக்கும், பந்தைத் தேடிக்கொண்டிருப்பீர்கள். விம்பிள்டன் சென்டர் கோர்ட்டோ, ஷாட்ரியேவோ சுமார் 15,000 பேருக்கானவை. அங்கே பின்வரிசையிலும் ஆட்டம் நன்றாகவே தெரியும். ஆஷ் என்றால், அதன் உச்சிக்குக் கொடுக்கும் பணத்தை ஆம்ஸ்ட்ராங்கில் கீழ் வரிசைக்குக் கொடுங்கள் என்பது என் கருத்து.

பக்கவாட்டா, பேஸ்லைன் என்னும் பின் எல்லைக் கோட்டுக்குப் பின்னாலா? பக்கவாட்டில், வலைக்கு நேராக, தாழ்வாக உள்ள இருக்கைகளுக்கு மதிப்பு அதிகம். வேகத்தை உணர அதுவே நல்லது. ஆனால் மூன்று ஆட்டம் அப்படி உட்கார்ந்தால் கழுத்து கடிகார ஊசல் மாதிரி ஆடிக்கொண்டே இருக்கும். பேஸ்லைனுக்குப் பின்னால், நடுத்தர உயரத்தில் இருந்தால் ஆட்டம் திறந்து தெரியும்: யார் யாரை எந்த மூலைக்கு இழுக்கிறார், எப்போது கோணத்தை மாற்றுகிறார் என்று தலையைத் திருப்பாமலே பார்க்கலாம். நுணுக்கம் பிடிக்கும் என்றால் இதைத்தான் எடுக்கச் சொல்வேன். பக்கவாட்டுதான் வேண்டும் என்றால் நடுவரின் நாற்காலிக்கு எதிர்ப்பக்கம் பாருங்கள். இடைவேளையில் வீரர்கள் உங்களைப் பார்த்தபடி உட்காருவார்கள். நாற்காலிப் பக்கம் இருந்தால் முதுகுதான் தெரியும்.

வெயிலை யாரும் யோசிப்பதில்லை, பிறகு அதைத்தான் புலம்புகிறார்கள். சர்வ் போடுபவர் கண்ணில் சூரியன் படக்கூடாது என்று கோர்ட்டுகளைப் பொதுவாக வடக்கு தெற்காகத்தான் அமைக்கிறார்கள். எனவே பிற்பகலில் கிழக்கு ஸ்டாண்டில் இருப்பவர்கள் முகத்தில் வெயில் நேராக அடிக்கும். மேற்கு ஸ்டாண்டில் நிழல் முதலில் விழும். பேஸ்லைன் பக்கம் என்றால் பாரிஸ், லண்டன், நியூயார்க்கில் தெற்கு முனை நல்லது. சூரியன் முதுகுப்பக்கம் இருக்கும். மெல்போர்னில் இது தலைகீழ், வடக்கு முனைதான் நல்லது. ஜனவரி மெல்போர்னில் நிழல் இல்லாத இருக்கையை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். ஸ்டேடியம் வரைபடத்தில் திசைக்குறி இல்லாவிட்டால் இணைய வரைபடத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

இரவு டிக்கெட் பகட்டாக இருக்கும், ஆட்டம் குறைவு. மெல்போர்னிலும் நியூயார்க்கிலும் இரவு ஏழு மணிக்குத் தொடங்கி வழக்கமாக இரண்டு ஆட்டம். பாரிஸில் ஒன்றே ஒன்று. அது நீண்டால் வீடு திரும்புவது பெரும்பாடு: 2023 ஆஸ்திரேலிய ஓப்பனில் மரேயும் கொக்கினாகிஸும் ஆடி முடித்தபோது அதிகாலை நான்கு மணி தாண்டியிருந்தது. கடைசி ரயில் எப்போது என்று தெரியாமல் இரவு டிக்கெட் வாங்க வேண்டாம். விம்பிள்டனில் இந்தத் தொல்லை இல்லை, இரவு பதினொன்றுக்கு ஆட்டத்தை நிறுத்திவிடுவார்கள். அங்கே இன்னொரு லாபமும் உண்டு. வெளி கோர்ட்டுகளில் பதினொரு மணிக்கே ஆட்டம் தொடங்கும், சென்டர் கோர்ட்டில் ஒன்றரைக்குத்தான். சென்டர் டிக்கெட் வைத்திருப்பவருக்கும் அந்த இரண்டரை மணி நேரம் வெளி கோர்ட் டென்னிஸ் இலவசம்.

மழை வந்தால் கிரவுண்ட் பாஸ்காரர்கள்தான் மாட்டுவார்கள். கூரை உள்ளவை மெல்போர்னில் மூன்று ஸ்டேடியம், மற்ற மூன்று இடங்களிலும் இரண்டிரண்டு. பாரிஸின் களிமண்ணில் லேசான தூறலிலும் ஆடுவார்கள். விம்பிள்டனின் புல்லில் நாலு துளி விழுந்தாலே தார்ப்பாய் வந்துவிடும். எவ்வளவு நேரம் ஆட்டம் நடந்தால் பணம் திரும்ப வராது என்ற விதியும் ஒவ்வொரு இடத்திலும் வேறு. ஒரே ஒரு நாள்தான் வைத்திருப்பவர்கள் கூரையுள்ள கோர்ட்டுக்குக் கூடுதலாகக் கொடுப்பதில் நியாயம் இருக்கிறது. உங்களுக்கு இரண்டு நாள், ஒன்றைப் பணயம் வைக்கலாம்.

வாங்கும் இடத்தைப் பற்றிக் கறாராகவே சொல்கிறேன்: அதிகாரப்பூர்வ தளம், அதன் மறுவிற்பனைப் பக்கம், இரண்டைத் தவிர வேறெங்கும் வேண்டாம். ரோலான் காரோஸ் டிக்கெட்டில் பெயர் இருக்கும், வாயிலில் அடையாள அட்டை கேட்பார்கள். விம்பிள்டன் சாதாரண டிக்கெட்டை இன்னொருவருக்கு விற்கவே முடியாது. சட்டப்படி கைமாறக்கூடியவை, பெருந்தொகை முதலீடு செய்தவர்களுக்குக் கிடைக்கும் டிபென்ச்சர் டிக்கெட்டுகள் மட்டும், அவற்றின் விலை வேறு உலகம். விம்பிள்டனுக்குப் பல மாதம் முன்பே குலுக்கலில் பெயர் கொடுக்க வேண்டும். கிடைத்தாலும் நாளையும் கோர்ட்டையும் அவர்கள்தான் தருவார்கள். குலுக்கலில் வராவிட்டால் அன்றன்றைய வரிசை இருக்கிறது. கடைசி நாட்கள் தவிர மற்ற நாட்களில் சென்டர் கோர்ட்டுக்கே நூற்றுக்கணக்கில் டிக்கெட் அந்த வரிசைக்காக ஒதுக்குகிறார்கள். அதற்கு முந்தைய இரவே வந்து கூடாரம் போடுபவர்கள் உண்டு. கிரவுண்ட் பாஸோடு உள்ளே போனவர்களுக்கும் பிற்பகலில் ஒரு வாய்ப்பு: பெரிய கோர்ட்டிலிருந்து சீக்கிரம் கிளம்புபவர்கள் விட்டுப்போன இடங்களைச் சிறு தொகைக்கு மறுபடி விற்பார்கள், அந்தப் பணம் தர்ம காரியத்துக்குப் போகும்.

நாளும் இருக்கையும் நீங்களே தேர்ந்தெடுக்க வேண்டும் என்றால் விம்பிள்டனை ஒதுக்கிவிட்டு மற்ற மூன்றில் ஒன்றைப் பாருங்கள். என்னைக் கேட்டால் மெல்போர்ன்: மூன்று கூரைகள் இருக்கின்றன, வளாகமும் நகர மையத்திலிருந்து நடக்கிற தூரம்தான். முதல் வாரத்தில் புதன் அல்லது வியாழன் கிரவுண்ட் பாஸ், சனிக்கிழமை ராட் லேவர் அல்லது மார்கரெட் கோர்ட் அரங்கில் பகல் டிக்கெட், வடக்கு முனை, நடுத்தர உயரம். மார்கரெட் கோர்ட் அரங்கில் 7,500 இருக்கைகள்தான், அங்கே எந்த வரிசையும் மோசமில்லை. டிக்கெட் விற்பனை தொடங்கும் தேதியைத் தெரிந்துகொண்டு அன்றைக்கே இரண்டையும் எடுத்துவிடுங்கள்; விமானம், தங்கும் அறை எல்லாம் அப்புறம்.