ஜெர்மனிக்குப் பார்சல் அனுப்பும்போது அஞ்சல் குறியீட்டை எப்படி எழுத வேண்டும்?

நம் ஊரில் ‘சென்னை - 600 017’ என்று ஊருக்குப் பின்னால் பின்கோடு எழுதிப் பழகிவிட்டோம். ஜெர்மனியில் அது ஊருக்கு முன்னால் வரும். ஐந்து இலக்கம், நடுவில் இடைவெளியும் கிடையாது, கோடும் கிடையாது. வரிசை இப்படி இருக்கட்டும்:

பெறுபவர் பெயர்
தெருப் பெயர், அதன் பிறகு வீட்டு எண்
09111 கெம்னிட்ஸ்
ஜெர்மனி

உறையில் இதை ஆங்கில எழுத்தில் எழுதுங்கள். நாட்டின் பெயர் கடைசி வரியில் தனியாக, பெரிய எழுத்தில். மாநிலம், மாவட்டம், ‘அருகில்’ எதுவும் வேண்டாம். பழைய முகவரிகளில் குறியீட்டுக்கு முன் ‘டி-’ என்று இருக்கும், அதை விட்டுவிடுங்கள்.

அதிகம் தவறு நடப்பது முதல் பூஜ்யத்தில். டிரெஸ்டன், லைப்சிக், கெம்னிட்ஸ், யெனா என்று கிழக்குப் பகுதி ஊர்கள் பலவற்றின் குறியீடு பூஜ்யத்தில்தான் தொடங்கும். எக்செலில் 09111 என்று அடித்தால் அது எண்ணாக எடுத்துக்கொண்டு 9111 ஆக்கிவிடும். அடிக்கும் முன்பே அந்தப் பத்தியை ‘டெக்ஸ்ட்’ என்று மாற்றிவிடுங்கள். ஓர் இலக்கம் குறைகிறதே என்று கடைசியில் பூஜ்யம் சேர்க்கவே கூடாது: 91-இல் தொடங்கினால் அது பவேரியாவில் நூரம்பெர்க் பக்கம், வேறு மூலை.

நான்கு இலக்கம் கண்ணில் பட்டால் இன்னொரு காரணமும் இருக்கலாம். 1993 ஜூலை 1-க்கு முன் அங்கே நான்கு இலக்கக் குறியீடுதான். அவ்வளவு பழைய முகவரி என்றால் பூஜ்யம் சேர்த்துச் சரிசெய்ய முடியாது. புதிய குறியீட்டைக் கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

கையால் எழுதினால் 7-க்குக் குறுக்கே ஒரு சிறு கோடு போடுங்கள். ஜெர்மானியர் 1-ஐ மேலே நீண்ட கொக்கியோடு எழுதுவார்கள். கோடு போடாத நம் 7 அவர்கள் கண்ணுக்கு 1.

பல்கலைக்கழகத்துக்கு அனுப்புபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். பெரிய நிறுவனங்களுக்குத் தபால்துறை தனிக் குறியீடு தருகிறது. டிரெஸ்டன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்கு 01062. தபாலுக்குத் தெருப் பெயரே தேவையில்லை. ஆனால் தனியார் கூரியர்காரர் போய் நிற்க ஒரு கட்டடம் வேண்டுமே, அவருக்குத் தெரு முகவரியும் அந்தத் தெருவுக்கான குறியீடும் கொடுங்கள்.

குறியீடு முழுக்கச் சரியாக இருந்தும் பார்சல் திரும்பி வருவதுண்டு. அங்கே அடுக்குமாடி வீடுகளுக்குப் பெரும்பாலும் கதவு எண் கிடையாது. தபால்காரர் தபால் பெட்டியில் ஒட்டியிருக்கும் பெயரைப் பார்த்துத்தான் போடுவார். உங்கள் பிள்ளை வேறொருவர் வீட்டில் அறை எடுத்துத் தங்கியிருந்தால், பிள்ளையின் பெயருக்குக் கீழே ‘கேர் ஆஃப்’ போட்டு, பெட்டியில் இருக்கும் பெயரை அதே எழுத்துகளில் எழுதுங்கள். பெட்டியைப் படம் பிடித்து அனுப்பச் சொல்லிவிட்டால் எழுத்துப் பிழைக்கே இடமில்லை.