வாசகர் கேள்வி: மாரியில் கோடு விழும் போட்டோ பிறிண்டர்

கேள்வி: வீட்டில் 13 அங்குல அகலத் தாள் போடும் போட்டோ பிறிண்டர் இருக்கிறது. மாரி தொடங்கியதிலிருந்து படத்தில் வெள்ளைக் கோடு விழுகிறது. பளபளப்புக் கடதாசியின் ஓரமும் மை தேய்ந்து கறுக்கிறது. எத்தனையோ தடவை ஹெட் (தாளில் மை தெளிக்கும் பகுதி) கிளீனிங் கொடுத்தும் சரிவரவில்லை.
– வாசகர், கல்லடி, மட்டக்களப்பு

பதில்: இவை இரண்டு வேறு கோளாறுகள். முதலில் கிளீனிங்கை நிறுத்துங்கள். மை வீணாகிக் கழிவு மைப் பஞ்சுதான் நிறையும். சாதாரண ஏ4 தாளில் நொசில் செக் (மைத் துளைகள் அடைத்திருக்கின்றனவா என்று காட்டும் சோதனைக் கோடுகள்) அடியுங்கள். கோடு விடுபட்டிருந்தால் ஒரு கிளீனிங், திரும்பவும் செக். மூன்று தடவையில் தெளியாவிட்டால் ஓர் இரவு விட்டுவிடுங்கள். காய்ந்த மை இளகும், காற்றுக் குமிழும் அடங்கும். செக் முழுதாக வந்தும் படத்தில் கோடு விழுந்தால் ஹெட் அலைன்மென்டை (ஹெட் சரியான இடத்தில் மை தெளிக்கிறதா என்பதை) பாருங்கள்.

சுவர் சுவிட்சால் நிறுத்தவே வேண்டாம். பிறிண்டரின் பட்டனை அழுத்தினால்தான் ஹெட் மூடிக்குள் போய் உட்காரும். மின்வெட்டு வந்துபோனால் ஒருமுறை போட்டு, பட்டனாலேயே நிறுத்துங்கள்.

ஓரம் கறுப்பது ஈரத்தால். கடதாசி வளைந்து ஹெட்டில் உரசுகிறது. மீதித் தாளை அது வந்த உறையிலேயே சிலிக்கா ஜெல்லோடு மூடிப் படுக்கையாக வையுங்கள். வளைந்த தாளை எதிர்ப்பக்கம் மெல்ல வளைத்து நேராக்கி, பின்வழியாக ஒவ்வொன்றாகப் போடுங்கள். அப்படியும் உரசினால் செட்டிங்கில் ‘தடித்த தாள்’ தெரிவு செய்யுங்கள். ஹெட்டுக்கும் தாளுக்கும் இடைவெளி கூடும்.