தடிமனோடு ஜிம்முக்குப் போகலாமா?

உங்கள் கேள்வி இதுதான்: இரண்டு நாளாகத் தடிமன், மூக்கு ஓடுகிறது, நேற்றிலிருந்து உடம்பும் உளைகிறது. ஜிம்முக்குக் கட்டிய காசு வீணாகிறதே என்று கவலை. “வியர்த்தால் தடிமன் விட்டுவிடும், இரண்டு பனடோலைப் போட்டுட்டு வா” என்கிறார் அண்ணா. போகலாமா?

மூக்கு ஓடுவதோடு நின்றிருந்தால் போகலாம் என்றே சொல்லியிருப்பேன். உடம்பு உளைகிறது என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால் இன்றைக்கு வேண்டாம். பனடோல் போட்டுக்கொண்டு போவது எந்த நாளிலும் வேண்டாம். நான் டொக்டர் இல்லை, கொழும்பு சுதந்திர சதுக்கத்துப் பக்கம் பல வருடமாகக் காலையில் ஓடுகிறவன். தடிமன் வரும்போதெல்லாம் இதே கேள்வி எனக்கும் வரும் என்பதால் கொஞ்சம் வாசித்து வைத்திருக்கிறேன்.

ஓட்டக்காரர்கள் பலருக்குத் தெரிந்த ஒரு கணக்கு உண்டு. 1990களில் அமெரிக்க மருத்துவர் ராண்டி ஐக்னர் பரப்பியது. கழுத்துக்கு மேலே மட்டும் தொல்லை என்றால், அதாவது மூக்கடைப்பு, தும்மல், தொண்டை கரகரப்பு, பாதி வேகத்தில் ஒரு பத்து நிமிடம் செய்து பாருங்கள். தலை தெளிந்தால் தொடரலாம், பாரமாகவே இருந்தால் வீட்டுக்குத் திரும்புங்கள். கழுத்துக்குக் கீழே இறங்கிவிட்டால், அதாவது நெஞ்சுச் சளி, உடம்பு உளைவு, வயிற்றோட்டம், அல்லது காய்ச்சல் இருந்தால், பயிற்சியே வேண்டாம்.

உங்கள் அண்ணா சொல்கிற வியர்வை விஷயத்தையும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் பால் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் 50 இளைஞர்களுக்கு ரைனோவைரஸைக் கொடுத்துத் தடிமன் வரவைத்தார்கள். ஒரு பகுதியினர் ஒருநாள் விட்டு ஒருநாள் 40 நிமிடம் மிதமாகப் பயிற்சி செய்தார்கள், மற்றவர்கள் சும்மா இருந்தார்கள். 1998இல் வெளியான முடிவின்படி இரண்டு கூட்டத்துக்கும் தடிமன் ஒரே அளவுதான், மாறியதும் ஏறக்குறைய ஒரே நாளில்தான். பயிற்சியால் தடிமன் கூடவில்லை. குறையவும் இல்லை! அவர்கள் எல்லோரும் சுகதேகிகள், வைரஸும் சாதுவானது என்பதையும் சேர்த்துத்தான் இதைப் படிக்க வேண்டும்.

இது வரைக்கும் எந்த ஊருக்கும் பொருந்தும். கொழும்பில் இருப்பவர் கூடுதலாக ஒன்றைப் பார்க்க வேண்டும். இங்கே உடம்பு உளைவோடு காய்ச்சல் என்றால் முதலில் டெங்குவைத்தான் நினைக்க வேண்டும். 2017இல் நாடு முழுவதும் 186,000க்கும் மேற்பட்டவர்களுக்கு டெங்கு என்று பதிவானது. கொழும்பு மாவட்டம் பெரும்பாலும் அந்தப் பட்டியலின் மேலேதான் நிற்கும். மூக்கு ஓடுவது டெங்குவின் வழக்கமான அடையாளம் இல்லைதான். ஆனால் தடிமன் பிடித்த ஆளை நுளம்பு கடிக்காமல் விடுமா? தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் வீட்டில் ஒருவருக்குச் சளி, இன்னொருவருக்கு டெங்கு என்பது நம் பக்கம் நடக்காத விஷயம் இல்லை.

அதனால்தான் பனடோலுக்கு முன்னால் முடிவெடுங்கள் என்கிறேன். போட்டுவிட்டால் காய்ச்சல் இறங்கும், உளைவு குறையும், “இப்ப ஓகே” என்று தோன்றும். நோய் இருந்த இடத்தில்தான் இருக்கும். காலையில் மாத்திரைக்கு முன்னால் தர்மாமீட்டரை வையுங்கள். 38 பாகை செல்சியஸ் காட்டினால் ஜிம் பேச்சையே விட்டுவிடுங்கள். காய்ச்சல் ஒரு பாகை ஏறினாலே இதயம் நிமிடத்துக்குப் பத்துத் தடவை போலக் கூடுதலாகத் துடிக்கும். அதற்கு மேல் ட்ரெட்மில்லும், காற்றில் ஈரம் நிறைந்த கொழும்பு வெக்கையும் சேர்ந்தால் உடம்பு எதைத் தாங்கும்? சில வைரஸ்கள், கொக்சாக்கி போன்றவை, இதயத் தசையையும் வீங்க வைக்கும். அரிதுதான், ஆனால் அந்த நேரத்தில் கடுமையாக ஓடினால் இதயத் துடிப்பு தாறுமாறாகி உயிருக்கே ஆபத்தாகலாம்.

இன்னொன்று, பலர் ஏமாறுகிற இடம். டெங்குவில் காய்ச்சல் விடுகிற நேரம்தான் ஆபத்தான கட்டம் தொடங்கும், பொதுவாக மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில். “காய்ச்சல் விட்டுட்டுது, நாளைக்கு லெக் டே” என்று கால் பயிற்சிக்குக் கிளம்பக் கூடாது. காய்ச்சல் வந்தால் டொக்டரிடம் காட்டி எஃப்.பி.சி. என்கிற இரத்த அணுப் பரிசோதனையை எடுத்துப் பாருங்கள், மூன்றாம் நாளைத் தாண்ட விடாதீர்கள். அதுவரை உளைவுக்கு இபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக், அஸ்பிரின் எதையும் தொடாதீர்கள், டெங்கு என்றால் அவை இரத்தக் கசிவைக் கூட்டும்.

மற்ற மாத்திரைகளையும் கவனியுங்கள். பார்மசியில் பிரிற்றன் என்று கேட்டு வாங்கும் குளோர்பெனிரமின் தூக்கத்தைக் கொண்டுவரும், அதை விழுங்கிவிட்டுப் பாரம் தூக்கப் போகாதீர்கள். சூடோஎபெட்ரின் சேர்ந்த மூக்கடைப்பு மாத்திரை துடிப்பையும் பிரஷரையும் ஏற்றும். ஆஸ்துமா இருந்தால் மேலே சொன்ன கழுத்துக் கணக்கு உங்களுக்கு இல்லை, தடிமனே இழுப்பைக் கிளப்பிவிடும். கொத்தமல்லி அவித்துக் குடிப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, நானும் குடிப்பேன். தொண்டைக்கு இதமாக இருக்கும், அவ்வளவுதான்.

உங்களுக்கு மூக்கு மட்டும்தான் என்றாலும் முதல் இரண்டு மூன்று நாள் ஜிம்முக்குள் போகாமல் இருப்பது மற்றவர்களுக்கு நல்லது. தடிமன் அதிகமாகத் தொற்றுவது அப்போதுதான். ஏசி போட்டுக் கதவை மூடிய அறையில், நீங்கள் தும்மிய கையால் பிடித்த டம்பெல்லை அடுத்தவர் பிடிக்கப் போகிறார். அதற்குப் பதில் மரைன் டிரைவில் ஆறுதலாக நடந்துவிட்டு வாங்கள், மழை இல்லையென்றால்.

டொக்டர் பார்த்து டெங்கு இல்லை என்றான பிறகு, பனடோல் இல்லாமலே ஒரு முழு நாள் காய்ச்சலும் உளைவும் வராமல் இருந்தால் மெதுவாகத் தொடங்கலாம். முதல் நாள் நடை, அடுத்த நாள் வழக்கத்தில் பாதிப் பாரம், அப்புறம் உடம்பைப் பார்த்து ஏற்றுங்கள். ஒரு வாரம் விட்டதால் தசை கரைந்துவிடாது.

கட்டிய காசைப் பற்றி: சுகமில்லை என்று சொன்னால் சில ஜிம்களில் விட்ட நாட்களைப் பின்னால் சேர்த்துத் தருவார்கள். கவுண்டரில் கேட்டுப் பாருங்கள், போன் பண்ணியே கேட்கலாம்.