ஆறு திருட்டும் இருநூறு சதவீதமும்

அன்புள்ள ஐயா,

திருப்பூர் மாவட்டத்தில் ஒரு சிற்றூரில் வசிக்கிறேன். எங்கள் ஊரில் போன ஆண்டு பதிவான திருட்டுகள் 2. இந்த ஆண்டு 6. அதில் மூன்று, தேரோட்டத்தன்று ஒரே இரவில் நடந்தவை. ஊர் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் ‘திருட்டு 200 சதவீதம் உயர்வு’ என்று போட்டார். மூன்றே நாளில், பஞ்சாலை விடுதியில் தங்கியிருக்கும் வடமாநிலத் தொழிலாளர்களை மாலை ஆறு மணிக்கு மேல் ஊருக்குள் விடக்கூடாது என்று பேச்சு கிளம்பிவிட்டது. இன்னொருவர், ‘மக்கள்தொகையோடு ஒப்பிட்டால் உலகிலேயே குற்றம் மலிந்த இடம் வாடிகன்தான், புள்ளிவிவரமே பொய்’ என்கிறார். இந்த எண்களை எப்படித்தான் படிப்பது? வரும் ஞாயிறு ஊர்க்கூட்டம்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

ஞாயிற்றுக்கிழமைக்குள் உங்களுக்குக் கிடைக்க வேண்டும் என்று மற்ற கடிதங்களை ஒதுக்கிவைத்துவிட்டு எழுதுகிறேன். இன்னார் இந்தத் தெருவில் நடக்கக்கூடாது, இருட்டிய பிறகு வரக்கூடாது என்று சொல்லிப் பழகிய ஊர்கள் நம்முடையவை. அந்தப் பழக்கம் இப்போது ஒரு சதவீதக் கணக்கின் தோளில் ஏறித் திரும்பி வருவதைப் பார்க்கப் பயமாக இருக்கிறது.

வாடிகன் சங்கதி பொய்யல்ல. 2002ஆம் ஆண்டில் வாடிகன் நீதிமன்றத்துக்கு 608 குற்ற வழக்குகள் வந்ததாக அதன் தலைமை அரசு வழக்கறிஞர் நிக்கோலா பிக்கார்டி அறிவித்தார். அங்கே குடியிருந்தவர்களோ 455 பேர். வகுத்தால் ஆளுக்கு ஒன்றுக்கு மேல் வருகிறது. நம் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் வழக்கப்படி லட்சம் பேருக்கு என்று சொன்னால் 1,33,000ஐத் தாண்டும். ஆனால் போப்பாண்டவரின் எழுத்தர்களும் கர்தினால்களும் ஒருவர் பையில் ஒருவர் கைவிட்டுக்கொண்டு திரியவில்லை. அருங்காட்சியக வரிசையிலும் புனித பேதுரு பேராலயக் கூட்டத்திலும் பயணிகளின் பணப்பையை அடித்தவர்கள் வெளியாட்கள், பறிகொடுத்தவர்களும் வெளியாட்கள். நூற்றுக்குத் தொண்ணூறு வழக்குகளில் ஆள் பிடிபடவில்லை என்றும் பிக்கார்டி சொன்னார். நாடே 44 ஹெக்டேர். நாலு எட்டு வைத்தால் இத்தாலிக்குள் போய்விடலாம்.

ஆண்டுக்கு ஏறத்தாழ 1.8 கோடிப் பேர் அங்கே வந்துபோவதாக அக்காலச் செய்திகள் சொல்லின. அதே 608ஐ அந்தத் தொகையால் வகுத்தால் லட்சம் வருகைக்கு மூன்றோ நான்கோதான். இதுவும் முழுக்கச் சரியான அளவு அல்ல. சில மணி நேரம் நிற்பவரையும் ஆண்டு முழுவதும் வாழ்பவரையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. யாரால் வகுக்கிறோம் என்பது மாறினால் விடை எவ்வளவு தூரம் ஓடுகிறது என்று மட்டும் கவனியுங்கள்.

இப்போது உங்கள் ஊருக்கு வருவோம். கையில் இருக்கும் மக்கள்தொகை எந்த ஆண்டுக் கணக்கு? 2021இல் எடுக்க வேண்டிய கணக்கெடுப்பு அப்போது நடக்கவில்லை. ஆகவே பெரும்பாலும் 2011இன் எண்ணாகத்தான் இருக்கும். அதற்குப் பிறகு வந்து விடுதியில் தங்கியவர்கள் யாரும் அதில் இல்லை. திருட்டைக் கூட்டும்போது அவர்கள் ஞாபகத்துக்கு வருகிறார்கள், ஆள் கணக்கில் மட்டும் விட்டுப்போகிறார்கள்.

இரண்டு ஆறானது பற்றி. ஆண்டுக்குச் சராசரியாக நான்கு திருட்டு நடக்கிற ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். எதுவுமே மாறாவிட்டாலும், அங்கே நாலைந்து வருடத்துக்கு ஒருமுறை இரண்டோ அதற்குக் குறைவோ வரும். ஐந்து வருடத்துக்கு ஒருமுறையாவது ஆறோ அதற்கு மேலோ வரும். உங்கள் ஊரில் மூன்று வீடுகள் ஒரே இரவில் போயிருக்கின்றன. ஊர் முழுக்க வடம் பிடிக்கப் போயிருக்கிறது, தெரு காலி, ஒரு கும்பல் ஒரே தடவை வந்து போயிருக்கலாம். பதிவேட்டில் அது மூன்று. வாடிகனிலேயே 1998 மே 4 அன்று போப்பாண்டவரைக் காக்கும் சுவிஸ் காவற்படையின் தளபதி அலோய்ஸ் எஸ்டெர்மன், பதவி அறிவிக்கப்பட்ட சில மணி நேரத்தில், மனைவியோடு சுட்டுக்கொல்லப்பட்டார். சுட்ட இளம் காவலர் தன்னையும் சுட்டுக்கொண்டார். ஐந்நூறு பேர் அளவுள்ள இடத்தில் இரண்டு கொலை என்றால் லட்சத்துக்கு நானூறு! அந்த ஒரு மாலையை வைத்து அங்கே எல்லாரும் கொலைகாரர்கள் என்று யாராவது சொல்வார்களா?

என்னை அதிகம் உறுத்துவது இதற்கு நேர்மாறான எண். தென் பசிபிக்கில் பிட்கேர்ன் என்ற தீவு, பிரிட்டனின் ஆட்சிக்கு உட்பட்டது. பவுண்டி என்ற பிரிட்டிஷ் கப்பலில் கலகம் செய்த மாலுமிகளும் அவர்களோடு வந்த தஹிதித் தீவுக்காரர்களும் 1790இல் குடியேறிய இடம். 1999இல் இங்கிலாந்திலிருந்து ஒரு பெண் போலீஸ் அதிகாரி அங்கே போனார். அதற்குப் பிறகுதான் ஒரு சிறுமி வாய் திறந்தாள். விசாரணை விரிய விரிய, நாற்பது ஆண்டுகளாகச் சிறுமிகளுக்கு நடந்த கொடுமைகள் வெளியே வந்தன. 2004இல் ஏழு ஆண்கள் தீவிலேயே விசாரிக்கப்பட்டார்கள். ஆறு பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. அப்போது தீவின் மொத்த மக்கள்தொகையே 47. ஏறத்தாழ அத்தனை பேரும் உறவுக்காரர்கள். புகார் சொல்ல வேண்டிய வீடும், யார் மீது சொல்ல வேண்டுமோ அவர் வீடும் அடுத்தடுத்து. அத்தனை ஆண்டுகளாக அந்தக் குற்றங்களில் பெரும்பாலானவை எந்தப் பதிவேட்டிலும் ஏறாமல் கிடந்தன. தாளில் பார்த்திருந்தால் அமைதியான தீவு. ‘எங்கள் ஊரில் கேஸே கிடையாது’ என்று பெருமையாகச் சொல்லும் பெரியவர்களைப் பார்த்தால் எனக்குப் பிட்கேர்ன் நினைவுதான் வருகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் என் அம்மாவின் மூன்று பவுன் சங்கிலியை பைக்கில் வந்தவர்கள் அறுத்துக்கொண்டு போனார்கள். கழுத்தில் சிவந்த கோடு இரண்டு வாரம் இருந்தது. ஸ்டேஷனில், புகார் வந்ததற்கு அத்தாட்சியான சி.எஸ்.ஆர். ரசீது ஒன்றைக் கொடுத்து அனுப்பினார்கள். எஃப்.ஐ.ஆர். போடவே இல்லை. பிடியாணை இல்லாமலே கைது செய்யத்தக்க குற்றம் நடந்ததாகப் புகாரில் தெரிந்தால் முதல் தகவல் அறிக்கை பதிவது கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் 2013இல் லலிதா குமாரி வழக்கில் சொல்லிவிட்டது. அது அன்று எங்களுக்குத் தெரியாது. தேசியக் கணக்கு எஃப்.ஐ.ஆரை வைத்துத்தான் எண்ணப்படுகிறது. ஆகவே அந்த ஆண்டின் கணக்குப்படி என் அம்மாவின் சங்கிலியை யாரும் பறிக்கவில்லை. அந்த ரசீது இன்னும் ரேஷன் கார்டோடு பீரோவில் இருக்கிறது, மடிப்பில் கிழிந்து.

இதை எழுதக் காரணம், உங்கள் ஆறுக்குள் வராதவர்கள் யார் என்று நீங்கள் கேட்க வேண்டும் என்பதுதான். தமிழ் தெரியாமல், உள்ளூரில் ஆள் யாரும் இல்லாமல், அந்த விடுதிகளில் இருக்கிறவர்களில் எத்தனை பேர் ஸ்டேஷன் வாசலை மிதித்திருப்பார்கள்? சம்பள நாளன்று பறிபோன பணத்துக்கும் செல்போனுக்கும் அவர்கள் யாரிடம் போயிருக்க முடியும்? எனக்குத் தெரிந்தவரை இப்படிப்பட்ட இடங்களில் பறிகொடுப்பவர்கள் முதலில் இவர்கள்தான். பதிவேட்டில் ஏறுவது மட்டும் ஊர்க்காரர்களின் இழப்பு.

அப்படியானால் எண்களையே பார்க்கக் கூடாதா என்று கேட்பீர்கள். தாராளமாகப் பாருங்கள். ஒரு வருடத்தை இன்னொரு வருடத்தோடு மோதவிடாமல் ஏழெட்டு ஆண்டுகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். சதவீதத்தை விட்டுவிட்டு, எந்தத் தேதி, எந்த வீடு, என்ன போயிற்று, யாராவது பிடிபட்டார்களா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். ஆறுதானே, ஒரு தாளில் எழுதிவிடலாம். ஆறில் ஒன்றிலாவது விடுதித் தொழிலாளி என்று போலீஸ் சொல்லியிருக்கிறதா என்று கூட்டத்தில் எழுந்து கேளுங்கள். சொல்லியிருந்தாலும் அது அந்த ஒரு ஆளின் வழக்கு. விடுதி முழுவதன் மீதும் அதை எழுத முடியாது.

முடிந்தால் கூட்டத்துக்கு முன்பே, சனிக்கிழமை ஷிப்ட் முடிகிற நேரத்தில், இந்தி தெரிந்த ஒருவரை அழைத்துக்கொண்டு விடுதிப் பக்கம் போய்விட்டு வாருங்கள். இந்த வருடம் அவர்களுக்கு என்னென்ன போயிற்று என்று கேட்டு அதே தாளில் சேர்த்துக்கொள்ளுங்கள். கூட்டத்தில் அந்தத் தாளைப் படியுங்கள். என்ன நடந்தது என்று எனக்கு எழுதுங்கள்.