போட்டோஷாப்பில் ஐசிசி ப்ரொஃபைல் காட்டவில்லையா?
வணக்கம். அச்சகம் அனுப்பிய ஐசிசி கோப்பை (அச்சில் நிறம் எப்படி வரும் என்று மென்பொருளுக்குச் சொல்லும் ப்ரொஃபைல்) டபுள் கிளிக் செய்தும் போட்டோஷாப் பட்டியலில் வரவில்லை என்கிறீர்கள். ஜிப்புக்குள் இருந்தால் முதலில் வெளியே எடுங்கள். பாதிப் பேர் சறுக்குவது இங்கேதான். விண்டோஸில் கோப்பின் மேல் ரைட் கிளிக் செய்து 'இன்ஸ்டால் ப்ரொஃபைல்' கொடுங்கள். பதிந்துவிட்டால் சிஸ்டம்32-க்குள் ஸ்பூல், டிரைவர்ஸ், கலர் என்று போகும் ஃபோல்டரில் அது இருக்கும். அப்புறம் போட்டோஷாப்பை மூடித் திறங்கள்.

ஏற்கெனவே வேறு சிஎம்ஒய்கே (நான்கு மைகளில் அச்சடிக்கும் நிறமுறை) ப்ரொஃபைலில் இருக்கும் படத்துக்கு 'கன்வர்ட் டு ப்ரொஃபைல்' கொடுங்கள், 'அசைன்' வேண்டாம். அசைன் செய்தால் மை அளவு எண்கள் அப்படியே இருக்கும், திரையில் மட்டும் நிறம் மாறும். அதை நம்பி ஒருமுறை 500 அழைப்பிதழ் அடித்தேன்; மணப்பெண் முகம் செங்கல் நிறம்!