டைம்டேபிள் போட நாலரை லட்சமா?

கேள்வி: எங்கள் பொறியியல் கல்லூரியில் 42 வகுப்புகளுக்கும் நான்தான் டைம்டேபிள் போடுகிறேன். மென்பொருள் விற்க வந்த ஒருவர், 'இது என்.பி. கம்ப்ளீட் கணக்கு சார், சாதாரண கம்ப்யூட்டரால் முடியாது, எங்கள் குவாண்டம் ஏஐ இன்ஜின்தான் வழி' என்று நாலரை லட்சம் கேட்கிறார். என்.பி. கம்ப்ளீட் என்பது உண்மைதான் என்று எங்கள் கணினித் துறை ஆசிரியரும் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: இந்தக் காரணத்துக்காக என்றால் வேண்டாம்.

அவர் சொன்னதில் முதல் பாதி சரி. ஆம், இல்லை என்று மட்டுமே பதில் வரக்கூடிய கேள்விகளும் அவற்றைக் கட்டிப்போடும் நிபந்தனைகளும் சேர்ந்ததைச் 'சாட்' கணக்கு என்போம். 'திங்கள் இரண்டாவது பீரியட் இந்த வகுப்புக்குக் கணிதமா?' என்பது அப்படி ஒரு கேள்வி. 'ஒரே ஆசிரியர் ஒரே நேரத்தில் இரண்டு வகுப்பில் இருக்கக் கூடாது' என்பது நிபந்தனை. இந்தச் சாட் கணக்கு என்.பி. கம்ப்ளீட், அதாவது விடை கையில் இருந்தால் சரிபார்ப்பது சுலபம், கண்டுபிடிப்பதுதான் கஷ்டம் என்ற வகையிலேயே மிகக் கடினமானவற்றில் ஒன்று என்று ஸ்டீபன் குக் 1971-லேயே நிரூபித்துவிட்டார். எந்தக் கணக்கைக் கொடுத்தாலும் வேகமாக முடிக்கும் முறை இன்றுவரை யாரிடமும் இல்லை. ஆனால் நீங்கள் 'எந்தக் கணக்கை'யும் கேட்கவில்லையே, உங்கள் கல்லூரிக் கணக்கை மட்டும்தானே கேட்கிறீர்கள்?

நம் பாடத்திட்டம் இந்த இடத்தில்தான் கதவைச் சாத்திவிடுகிறது. குக் தேற்றத்தை எழுத வைத்து மார்க் கொடுத்துவிட்டு, ஒரு சால்வரை, அதாவது இந்தச் சாட் கணக்குக்கு விடை தேடும் நிரலை, ஓட்டிப் பார்க்கக்கூடச் சொல்வதில்லை. 1996-ல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மார்க்கெஸ்-சில்வாவும் சகல்லாவும் எழுதிய 'கிராஸ்ப்' என்ற சால்வர், முட்டுச்சந்தில் மாட்டும்போதெல்லாம் ஏன் மாட்டினோம் என்பதைப் புது நிபந்தனையாக எழுதிக்கொண்டது. அதே தப்பில் மறுபடி விழாது. 2001-ல் பிரின்ஸ்டனில் வந்த 'சாஃப்' அந்த வேலையைப் பல மடங்கு வேகமாக்கியது. இன்று 'மினிசாட்', 'கிஸ்ஸாட்' எல்லாம் இலவசம், லட்சக்கணக்கான மாறிகள் உள்ள தொழில்துறைக் கணக்குகளைச் சர்வசாதாரணமாக முடிக்கின்றன. உங்களுக்கு வசதியானது கூகுளின் 'சிபி-சாட்'. அதுவும் இலவசம், பைத்தானில் ஓடும். 42 வகுப்புக்கு ஒரு லேப்டாப் போதும்.

குவாண்டம் என்றாரே, அவர் கொண்டுவரும் பெட்டியின் உள்ளே இந்த இலவச சால்வர்களில் ஒன்று இருந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன். அதை விற்பது சட்டப்படி குற்றமில்லை. உங்கள் விதிகளை எழுதிக் கொடுக்கும் உழைப்புக்குக் கூலி கேட்டால் நியாயம், கொடுங்கள். இலவச இன்ஜினைக் குவாண்டம் என்று சொல்லிக் காசு கேட்டால்தான் மோசடி. பர்ச்சேஸ் கமிட்டி மூன்று கொட்டேஷன் கேட்கும். மூன்றையும் ஒரே ஆள் வெவ்வேறு லெட்டர்ஹெட்டில் கொண்டுவருவார், அதிலேயே குறைந்ததைத் தேர்ந்தெடுத்துவிட்டுத் திருப்தியாக எழுந்து போவார்கள். இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது.

'உங்கள் விதிகளுக்கு டைம்டேபிளே கிடையாது, இன்னொரு லேப் கட்டுங்கள்' என்று சொல்பவரிடமும் உஷார். நல்ல சாட் சால்வர் 'முடியாது' என்று சொன்னால் அதற்கு நிரூபணக் கோப்பும் கொடுக்கும், வேறொரு சின்ன நிரல் அதைச் சரிபார்க்கும். 2016-ல் பித்தகோரஸ் மும்மைகள் (3, 4, 5 போல, செங்கோண முக்கோணத்தின் பக்கங்களாக அமையும் முழு எண்கள்) பற்றிய ஒரு கணக்குக்கு இப்படி வந்த நிரூபணம் 200 டெராபைட். அதையே சரிபார்த்தார்கள். உங்கள் லேப் கணக்கைச் சரிபார்க்கவா முடியாது?

சால்வர் நிஜமாகவே திணறும் இடம் ஒன்று உண்டு, இதை மட்டும் பொறுமையாகப் படியுங்கள். ஒரே பீரியடில் 12 வகுப்பு, 11 அறை என்று வைத்துக்கொள்வோம். முடியாது என்று குழந்தைகூட எண்ணிச் சொல்லும். சாதாரண சாட் சால்வருக்கு எண்ணத் தெரியாது. இந்த அறையில் அந்த வகுப்பு என்று மாற்றி மாற்றி வைத்துப் பார்த்துக்கொண்டே இருக்கும். அந்த வழியில் போனால் எண்ணிக்கை கூடக் கூட நிரூபணத்தின் நீளம் பிரம்மாண்டமாகப் பெருகும் என்று ஆர்மின் ஹாக்கென் 1985-ல் நிரூபித்தார். வேகமான கணினி வாங்கியும் பயனில்லை. அதனால் ஓட்டுவதற்கு முன் நீங்களே எண்ணிவிடுங்கள். 3 லேப், வாரம் 35 பீரியட் என்றால் 105 இடம். தேவை 108 என்றால் சால்வரிடம் போகவே வேண்டாம், நேராக முதல்வரிடம் போங்கள். ஆசிரியர்களுக்கும் இப்படியே தனித்தனியாக எண்ணுங்கள். மாலை முழுக்க ஓடியும் பதில் வராத டைம்டேபிளில் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

அப்புறம், கணினித் துறையில் இறுதியாண்டு மாணவர் இருவரிடம் புராஜெக்டாகக் கொடுங்கள். ஹெச்.ஓ.டி.களின் 'முதல் பீரியட் வேண்டாம்' வகை விருப்பங்களைக் கட்டாய விதிகளோடு கலக்காமல் தனியாக எழுதச் சொல்லுங்கள். பெயர்ப் பட்டியலை மட்டும் நீங்களே சரிபாருங்கள். 'எஸ். குமார்', 'குமார் எஸ்.' என்று இரண்டு விதமாக இருந்தால் சால்வர் அவரை இரண்டு ஆளாக்கி ஒரே நேரத்தில் இரண்டு வகுப்புக்கு அனுப்பிவிடும்.