புதுக் கணினியிலும் பழைய செட்டப் அப்படியே வேண்டுமா? கேள்வி பதில்

கேள்வி: சார், பழைய விண்டோஸ் கணினியிலிருந்து புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டரை அப்படியே காப்பி செய்து புதியதில் போட்டேன். பாதி மென்பொருள்கள் திறக்கவே மாட்டேன் என்கின்றன. ஏன்?

பதில்: ஒரு மென்பொருளை இன்ஸ்டால் செய்தால் அது அந்த ஃபோல்டரோடு நிற்பதில்லை. ரெஜிஸ்ட்ரி என்ற விண்டோஸின் பதிவேட்டில் பதிவுகள், பின்னணியில் ஓடும் சர்வீஸ்கள், வேறு ஃபோல்டர்களில் சில டிஎல்எல் துணைக் கோப்புகள் என்று பல இடங்களில் பரவிக் கிடக்கும். நீங்கள் எடுத்து வந்தது அதில் ஒரு துண்டுதான். மென்பொருளைப் புதிதாக நிறுவுங்கள், செட்டிங்கை மட்டும் கொண்டுவாருங்கள். நான் எல்லோருக்கும் சொல்வது இதைத்தான்.

என்னென்ன இருந்தது என்று நினைவிலிருந்து எழுத உட்காராதீர்கள், கட்டாயம் ஏதாவது விட்டுப்போகும். பழைய கணினியில் டெர்மினலை (கட்டளை தட்டும் திரை) திறந்து, மென்பொருள்களை நிறுவித் தரும் விண்டோஸ் கருவியான விங்கெட்டின் எக்ஸ்போர்ட் கட்டளையை (winget export) கொடுத்தால் பட்டியல் ஜேசான் என்ற வகை உரைக் கோப்பாகக் கிடைக்கும். அதைப் புதியதில் விங்கெட் இம்போர்ட்டுக்குக் கொடுத்தால் ஒவ்வொன்றாக நிறுவிக்கொண்டே போகும். விங்கெட்டிடம் இல்லாத மென்பொருள்களின் பெயர்கள் எக்ஸ்போர்ட் ஓடும்போதே திரையில் வரும். அவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள், அவைதான் உங்கள் கைவேலை.

கேள்வி: சரி, அந்த செட்டிங் எல்லாம் எங்கே இருக்கும்?

பதில்: பெரும்பாலும் உங்கள் யூசர் ஃபோல்டருக்குள் ஆப்டேட்டா என்ற ஃபோல்டரில். அது மறைந்திருக்கும், எக்ஸ்புளோரரில் மறைந்த கோப்புகளைக் காட்டச் சொல்லுங்கள். உள்ளே முதலில் ரோமிங் என்ற ஃபோல்டரைப் பாருங்கள். ஃபயர்ஃபாக்ஸ், தண்டர்பேர்ட் புரொஃபைல்கள் (உங்கள் செட்டிங் அடங்கிய ஃபோல்டர்கள்) அங்கேதான் இருக்கும். காப்பி செய்வதற்கு முன் அந்த மென்பொருளை மூடிவிடுங்கள்.

கேள்வி: குரோம் புரொஃபைலையும் அப்படித்தான் காப்பி செய்தேன். புக்மார்க் வந்தது, பாஸ்வேர்ட் வரவில்லையே?

பதில்: வராது. விண்டோஸில் குரோம் பாஸ்வேர்டுகளைப் பூட்டும் சாவி அந்தக் கணினியின் யூசர் கணக்கோடு பிணைந்தது. கூகுள் கணக்கில் நுழைந்து சிங்க் போட்டுவிடுங்கள். இல்லையென்றால் சிஎஸ்வி கோப்பாக எக்ஸ்போர்ட் செய்யலாம். ஆனால் அதை நோட்பேடில் திறந்தால் அத்தனை பாஸ்வேர்டும் வெறும் எழுத்தில் தெரியும்! இம்போர்ட் முடிந்த கையோடு அழியுங்கள், ரீசைக்கிள் பின்னிலிருந்தும்.

கேள்வி: பைத்தான் வெர்ச்சுவல் என்விரான்மென்ட்டை (ஒரு புராஜெக்டுக்கென்று தனியாக வைக்கும் பைத்தான் செட்டப்) ஃபோல்டரோடு எடுத்துப் போகலாமா அண்ணா?

பதில்: வேண்டாம் தம்பி. அதற்குள் பழைய கணினியின் முழுப் பாதையே எழுதப்பட்டிருக்கும். பிப் ஃப்ரீஸ் கட்டளை மூலம் நிறுவிய பேக்கேஜ்களின் பட்டியலை எடுத்துக்கொண்டு, புதிய கணினியில் வேறொரு என்விரான்மென்ட்டை உருவாக்கி அவற்றை நிறுவிக்கொள்.

கேள்வி: இவ்வளவு எதற்கு, டிஸ்கையே குளோன் செய்தால், அதாவது முழுசாக நகலெடுத்தால் என்ன?

பதில்: அதே கணினிக்கு எஸ்எஸ்டி மாற்றுகிறீர்கள் என்றால் அருமையான வழி. முற்றிலும் வேறு கணினி என்றால் டிரைவர் (ஹார்டுவேரை இயக்கும் மென்பொருள்) தகராறு வரலாம். கணினியோடு வந்த ஓஇஎம் விண்டோஸ் உரிமம் பழைய மதர்போர்டோடு கட்டுப்பட்டது, அது புதிய கணினிக்கு வராது.

கேள்வி: பழையதை எப்போது ஃபார்மேட் செய்யலாம்?

பதில்: குறைந்தது ஒரு மாதம் தொடாதீர்கள். எப்போதோ ஒருமுறை திறக்கும் மென்பொருளின் கோப்பு அப்போதுதான் நினைவுக்கு வரும். அப்புறம், இத்தனை கணினிக்குத்தான் என்று உரிமம் உள்ளவற்றைப் பழையதில் டிஆக்டிவேட் செய்துவிட்டே ஃபார்மேட் செய்யுங்கள்.